உயர்திணைக்குள் யார்? பாலினச் சொற்கள் சொல்லும் சமூக வரலாறு

தமிழில் ஒருவர் வந்த செய்தியைச் சொல்வதற்கு, வந்தவர் யார் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்னும் நான்கனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்பொழுதே, வந்தவர் ஆணா பெண்ணா, மதிப்புக்குரியவரா, மாந்தர்தாமா என்பன குறித்து நாம் தீர்ப்புரைத்துவிடுகிறோம். நம்மைச் சூழ்ந்து வழங்கும் மலாய், சீன மொழிகளின் வினைச்சொற்கள் இச்சுமையைச் சுமப்பதில்லை. அம்மொழிகளில் வருதலைக் குறிக்கும் வினை, வந்தவரின் பாலை அறிவிக்காமலேயே தன் பணியை முடித்துக்கொள்கிறது. தமிழ் வினைமுற்றோ ஒவ்வொரு முறையும் திணையும் பாலும் கேட்கிறது.

ஆகவே, பாலினத்தையும் பாலீர்ப்பையும் பற்றிய சமூக மனப்போக்கு எவ்வாறு மாறிவந்துள்ளது என்பதை ஆராய்வோருக்குத் தமிழ்மொழியே ஓர் ஆவணக் காப்பகமாக அமைகிறது. ஆண், பெண் என்னும் இரு வகையுள் அடங்காதோரைத் தமிழ் எவ்வாறு அழைத்தது, எத்திணையில் வைத்தது என்பதைத் தொல்காப்பியம் முதல் அண்மைக்கால அரசிதழ் வரை இவ்வுரையில் தொடர்ந்து காண்போம். இடையே, நாம் வாழும் இம்மண்ணின் சட்ட வரலாற்றையும் உடன் வைத்துப் பார்ப்போம். ஏனெனில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாகத் தமிழகத்தின் சட்டமும் சிங்கப்பூரின் சட்டமும் ஒரே ஊற்றிலிருந்து பாய்ந்த இரு கால்வாய்களாக இருந்துள்ளன.

இருளிலிருந்து ஒளிக்கு வந்தோம் என்றோ, பொற்காலத்திலிருந்து வீழ்ந்தோம் என்றோ இவ்வரலாற்றைச் சுருக்கிவிட இயலாது. ஏற்றமும் இறக்கமும் ஒரே காலத்தில், சில வேளைகளில் ஒரே நூலில் கலந்து கிடக்கின்றன. எனினும் ஒன்று மட்டும் தெளிவாகப் புலப்படுகிறது. சொற்கள் மேன்மையுற்றபோதெல்லாம் அம்மாற்றம் பேச்சு வழக்கில் தோன்றிய பின்னரே ஏட்டிலும் சட்டத்திலும் ஏறியுள்ளது.

இலக்கணம் அளித்த இடம்

நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கண நூல்களுள் பழமையானது தொல்காப்பியம். அதன் சொல்லதிகாரம் திணைப் பாகுபாட்டோடு தொடங்குகிறது. மக்கள் என்று சுட்டப்படுவோர் உயர்திணை. அவரல்லாத பிற அனைத்தும் அஃறிணை. இங்குச் 'சுட்டு' என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஒருவரை மக்களாகக் கருதிச் சுட்டுவோரின் பார்வையும் இவ்வகைப்பாட்டுள் அடங்கியிருக்கிறது.

அதனையடுத்து, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களைப் பற்றித் தொல்காப்பியர் தனி நூற்பா அமைக்கிறார். அப்பெயர்களுக்கெனத் தனித்த ஈறு இல்லை. அவை உயர்திணைக்குரிய ஈறுகளையே பெற்று ஒலிக்கும் என்பது அதன் கருத்து. பிறிதோரிடத்தில், அப்பெயர்கள் ஆண்பால் ஈற்றை ஏற்கும் இடம் இல்லை என்றும் வரையறுக்கிறார். அதாவது, பேடி என்னும் பெயர் பெண்பாலுக்கோ பலர்பாலுக்கோ உரிய முடிபைக் கொள்ளலாம். ஆண்பால் முடிபைக் கொள்ளலாகாது.

இவ்விதியை மேலோட்டமாகப் படித்துக் கடந்துவிடலாகாது. ஆணாகப் பிறந்து பெண்மையை ஏற்றுக்கொண்ட ஒருவரை, அவருடைய பிறப்பைக் கருதி 'வந்தான்' என்று சொல்லக்கூடாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். இன்று உலகின் பல நாடுகளில் பள்ளிகளும் அலுவலகங்களும் விவாதிக்கும் வினாவுக்கு, ஒரு பழைய இலக்கண நூல் இரண்டு வரிகளில் விடை தந்திருக்கிறது. மேலும், முதல் நூற்பாவில் இப்பெயர்களோடு சேர்த்து எண்ணப்படுவன தெய்வப் பெயர்கள். இரண்டுக்கும் தனி ஈறு இல்லை என்னும் இலக்கணக் காரணமே இச்சேர்க்கைக்கு அடிப்படை. அதனைப் பெரும்போற்றுதலாகக் கொள்ளுதல் மிகையாகும். ஆயினும், இகழ்ச்சிக்கும் அங்கே இடமில்லை.

பல நூற்றாண்டுகள் கழித்து, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். அவரும் இதே பொருளைப் பேசுகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்பது அவர் தரும் விதி. தொல்காப்பியர் ஆண்மை திரிந்தோரை மட்டுமே சொன்னார். நன்னூலாரோ பெண்ணாகப் பிறந்து ஆண்மையை நாடுவோரையும் சேர்த்துக்கொள்கிறார். விருப்பத்தை அளவுகோலாகக் கொள்ளும் அவருடைய நோக்கும் குறிப்பிடத்தக்கது.

ஆனால் அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு வகையினரும் அஃறிணையை ஒத்தும் வருவர் என்று அவர் முடிக்கிறார். 'பேடு' என்னும் சொல்லின் வடிவத்திற்கேற்ற முடிபு இது என இலக்கண விளக்கம் கூறலாம். விளக்கம் எதுவாயினும், தொல்காப்பியத்தில் மூடியிருந்த ஒரு வாயில் நன்னூலில் திறந்துவிட்டது. 'வந்தது' என்று ஒரு மனிதரைச் சொல்வதற்கு இலக்கணம் இசைவளித்துவிட்டது. உள்ளே வருவோரின் எண்ணிக்கையைக் கூட்டிய அதே நூற்பா, அவர்கள் அமரும் இருக்கையைத் தாழ்த்தியும் வைத்தது. ஏற்றமும் இறக்கமும் ஒரே நூலில் கலந்து கிடக்கும் என்று நாம் மேலே சொன்னதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இலக்கியம் காட்டும் இரு முகங்கள்

இலக்கணத்தில் கண்ட இந்த இரட்டைத்தன்மை இலக்கியத்தில் இன்னும் விரிவாகத் தெரிகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று, காமன் பேடி வடிவு கொண்டு ஆடியதாகச் சொல்லப்படும் பேடு என்னும் கூத்து. மணிமேகலையில், மலர்வனத்துக்குச் செல்லும் வழியில் புகார் நகரத்துத் தெருவில் பேடிக் கோலத்தில் ஒருவர் ஆடுகிறார். சுருண்ட தாடியும் கரிய கூந்தலும் மகளிர் அணிகளும் விளங்க நிற்கும் அவ்வாடலைச் சுற்றி மக்கள் கூட்டமாக நின்று காண்கின்றனர். அங்கே வெறுப்பில்லை, வேடிக்கை இருக்கிறது.

திருக்குறளிலோ வேறொரு நிலை. ஆள்வினையுடைமை அதிகாரத்திலும் அவையஞ்சாமை அதிகாரத்திலுமாக இரண்டு இடங்களில், பேடியின் கையிலுள்ள வாள் உவமையாக வருகிறது. முயற்சியில்லாதவன் பிறருக்கு உதவ நினைப்பதும், அவைக்கு அஞ்சுவோன் கற்ற கல்வியும் அவ்வாளைப் போலப் பயனற்றவை என்பது கருத்து. வீரத்தை ஆண்மை என்னும் சொல்லாலேயே குறித்த சமூகத்தில், ஆண்மை திரிந்தோர் வீரமற்றோருக்கு உவமையாயினர். பின்னாளில் உவமை மறைந்து பொருளே நிலைத்தது. பேடி என்றால் கோழை என்று அகராதிகளும் மேடைப் பேச்சுகளும் பழகிக்கொண்டன. ஒரு பிரிவினரின் பெயர் ஒரு குற்றத்தின் பெயராக மாறிய வரலாறு இது.

பக்தி இலக்கியம் மூன்றாவது வழியொன்றைக் காட்டுகிறது. மாணிக்கவாசகர் இறைவனைப் பெண்ணும் ஆணும் அலியுமாக விளங்குபவன் என்று போற்றுகிறார். நம்மாழ்வார் அம்மூன்றுமல்லன் என்று சொல்லி அதே இறைமையின் எல்லையின்மையை உணர்த்துகிறார். ஒருவர் உடன்பாட்டாலும் மற்றவர் எதிர்மறையாலும் பேசினாலும், மாந்தர் வகை மூன்று என்பது இருவருக்கும் இயல்பான செய்தியாகவே இருந்துள்ளது. இறைவனைப் பாடும் இடத்தில் கூசாமல் வைக்கப்பட்ட அந்தச் சொல், பிற்காலத் தெருக்களில் வசைச்சொல்லாயிற்று. சொல் மாறவில்லை, சொல்வோரின் குரல் மாறியது.

குற்றமாக எழுதப்பட்ட காலம்

இகழ்ச்சி வேறு, தண்டனை வேறு. முன்னது சமூகத்தின் வாயில் இருந்தது. பின்னதைக் காலனியாட்சி எழுத்தில் வடித்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் தண்டனைச் சட்டத் தொகுப்பு 1860ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1862ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் 377ஆம் பிரிவு, இயற்கை ஒழுங்குக்கு மாறான பாலுறவு என்று தான் கருதியதைக் குற்றமாக்கியது. எது இயற்கை என்பதை அச்சட்டம் விளக்கவில்லை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் ஒழுக்கக் கோட்பாடே அச்சொல்லுக்குப் பொருளாக நின்றது.

1867ஆம் ஆண்டுவரை சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்தின்கீழ் இருந்தன. அவ்வாண்டில் அவை இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாற்றப்பட்ட பின்னரும், இந்தியத் தொகுப்பே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. 1871ஆம் ஆண்டின் அவசரச் சட்டத்தால் இயற்றப்பட்ட நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத் தொகுப்பு 1872ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தபோது, 377 என்னும் எண்ணும் உடன் வந்தது. சென்னையில் கப்பலேறி இங்கு வந்திறங்கிய தமிழருக்கு முன்பாகவோ பின்பாகவோ, அதே எண்ணுடைய அதே சட்டமும் கடல் கடந்தது.

அதே 1871ஆம் ஆண்டில் இந்தியாவில் குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறந்தது. வட இந்தியப் பகுதிகளில் முதலில் செயற்படுத்தப்பட்ட அச்சட்டத்தின் ஒரு பகுதி, ஹிஜ்ராக்கள் முதலானோரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்க வகை செய்தது. அவ்வாறு பதிவு செய்யப்பட்ட ஒருவர் பெண்ணுடை அணிந்து பொதுவிடத்தில் தோன்றுவதும், ஆடிப்பாடுவதும் தண்டனைக்குரியனவாயின. புகார் நகரத்துத் தெருவில் மணிமேகலை ஆசிரியர் காட்டிய காட்சி, இச்சட்டத்தின் பார்வையில் ஒரு குற்றச்செயல். இலக்கணத்தில் திணையையும் இலக்கியத்தில் மதிப்பையும் பற்றி நிகழ்ந்த ஊசலாட்டம், சட்டத்தில் சிறைக்கம்பியாக இறுகியது.

சிங்கப்பூர் நடந்த பாதை

1938ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் தொகுப்பில் 377ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஆண்களுக்கிடையிலான பாலியல் செயல்களை, தனியிடத்தில் நிகழ்ந்தாலும், அது குற்றமென்றது. பேரரசு மறைந்து, மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனி நாடுகளாகிய பின்னரும், காலனியாட்சி விட்டுச்சென்ற விதிகள் இரு நாட்டுத் தொகுப்புகளிலும் தங்கின. மலேசியாவில் அவ்வழிவந்த விதிகள் இன்றும் நடப்பில் உள்ளன.

இதற்கிடையே, சிங்கப்பூர் வேறொரு துறையில் யாரும் எதிர்பாராத முடிவொன்றை எடுத்தது. 1971ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், ஆணாகப் பிறந்த ஒருவருக்குப் பெண்ணாக மாறுவதற்கான அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அம்மருத்துவக் குழுவுக்குத் தலைமையேற்றவர் இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் புகழ்பெற்ற மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம். சிகிச்சைக்குப் பின் அடையாள அட்டையிலுள்ள பால் குறிப்பை மாற்றிக்கொள்ளவும் 1973ஆம் ஆண்டு முதல் வழி பிறந்தது.

அட்டையில் மாறிய சொல் திருமணத்தில் செல்லுமா என்னும் வினா அப்பால் நின்றது. பெண்ணாகப் பிறந்து ஆணாக மாறிய ஒருவரின் திருமணம் குறித்த வழக்கில், 1991ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் பிறப்பின் பாலையே அளவுகோலாகக் கொண்டு அத்திருமணம் செல்லாது என்றது. அடையாள அட்டை ஒரு விடை சொல்ல, பிறப்புச் சான்றிதழ் மற்றொரு விடை சொன்னது. 1996ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் மாதர் சாசனத்தைத் திருத்தி இச்சிக்கலை அவிழ்த்தது. சிகிச்சை பெற்று மாறியோரின் மாறிய பாலையே திருமணச் சட்டம் ஏற்கும் என்று அத்திருத்தம் உறுதி செய்தது.

இங்கு நாம் ஒன்றை மறத்தலாகாது. மருத்துவமும் சட்டமும் இவ்வாறு முன்னேறிய அதே காலத்தில், பூகிஸ் ஸ்திரீட்டில் இரவு நேரத்தில் கூடிய திருநங்கைகளைக் காண்பதற்கென்றே வெளிநாட்டுப் பயணிகளும் கப்பற் பணியாளர்களும் திரண்டனர். அன்றைய புகாரின் தெருவும் அண்மைக்காலச் சிங்கப்பூரின் தெருவும் இவ்விடத்தில் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. சுற்றி நின்று காண்பதை மதிப்பதாக எண்ணிக்கொள்ளுதல் எளிது. வேடிக்கை பார்ப்போர் கூட்டம் கலைந்த பின்னர், ஆடியவர் வீட்டு வாடகைக்கும் வேலைக்கும் யாரை அணுகுவார் என்பதில்தான் மதிப்பு வெளிப்படும்.

தமக்குத் தாமே பெயரிட்டோர்

இனித் தமிழகத்துக்குத் திரும்புவோம். சட்டமும் வசைச்சொல்லும் சூழ நின்ற காலத்திலும், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகம் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழா நிகழ்ந்துவந்தது. பாரதப் போருக்குமுன் களப்பலியாகும் அரவானை மணப்பதற்குக் கண்ணன் மோகினி வடிவம் கொண்டான் என்பது மரபுவழிக் கதை. அதனை நினைவுகூர்ந்து, அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து வெள்ளையுடுத்தி அழுகின்றனர். அரவான் பெயரிலிருந்து அரவாணி என்னும் சொல் பிறந்தது. இழிவைக் குறித்த சொற்களுக்கு மாற்றாக, வழிபாட்டையும் கதையையும் வேராகக் கொண்ட பெயர் ஒன்று கிடைத்தது.

இலக்கியமும் அக்கால அளவில் அசையத் தொடங்கியது. சு. சமுத்திரம் 1994ஆம் ஆண்டில் எழுதிய 'வாடாமல்லி' என்னும் புதினம் இம்மக்களின் வாழ்வை மையப்பொருளாக்கியது. எனினும் அது பரிவோடு வெளியே நின்று எழுதியவரின் நூல். அதன்பின் எழுதுகோல் கைமாறியது. ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' 2005ஆம் ஆண்டிலும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறாகிய 'நான், வித்யா' 2007ஆம் ஆண்டிலும், ரேவதியின் தன்வரலாறாகிய 'வெள்ளை மொழி' 2011ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பிறர் வாயில் படர்க்கையாக மட்டுமே வாழ்ந்தோர் தன்மையில் பேசத் தொடங்கினர். தன்மையில் பேசுவோருக்கு ஆண்பால் பெண்பால் சிக்கலே இல்லை என்பது தமிழின் மற்றோர் அழகு. 'நான் வந்தேன்' என்பதில் பால் இல்லை. ஆள் மட்டுமே உண்டு.

2008ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாடு அரசு இம்மக்களுக்கென நலவாரியம் அமைத்தது. இந்தியாவிலேயே அத்தகைய முதல் வாரியம் அது. தொடக்கத்தில் அதன் பெயரில் அரவாணிகள் என்னும் சொல்லே இருந்தது. ஆனால் அச்சொல்லும் அனைவருக்கும் பொருந்தவில்லை. கூவாகத்து மரபைத் தமதாகக் கொள்ளாதோரும், பிற சமயத்தாரும் இருந்தனர். மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த அக்காலத்திலேயே திருநங்கை என்னும் சொல் அரசு வழக்கில் ஊன்றியது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்வோருக்குத் திருநம்பி என்னும் சொல் இணையாக அமைந்தது. இருவரையும் பொதுவாகச் சுட்டத் திருநர் என்னும் சொல்லும் வழக்கில் வந்தது.

இச்சொற்களின் ஆக்கத்தை மொழி மாணவர்கள் கூர்ந்து நோக்கலாம். நங்கை என்பது பெண்ணிற் சிறந்தாளைக் குறிக்கும் பழஞ்சொல். நம்பி என்பது ஆடவருட் சிறந்தோனைக் குறிப்பது. நம்பியாரூரர், நம்பியாண்டார் நம்பி என்னும் பெயர்களில் நாம் அதனை அறிவோம். அவற்றின்முன் 'திரு' சேர்ந்தது. நாள்தோறும் கடித உறைகளில் நாம் எழுதும் மதிப்புச்சொல் அது. குறைபாட்டைச் சுட்டாமல், திரிபைச் சுட்டாமல், மேன்மையை மட்டுமே சுட்டி அமைந்த பெயர்கள் இவை. நன்னூல் திறந்துவைத்த அஃறிணை வாயிலை இச்சொற்கள் ஓசையின்றிச் சாத்திவிட்டன. 'திருநங்கை வந்தது' என்று சொல்ல எந்த நாவும் கூசும்.

சொல் மாறியதும் பிற மாற்றங்கள் தொடர்ந்தன. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து அறிவிக்கும் உரிமையை ஏற்றது. 2017ஆம் ஆண்டில் பிரித்திகா யாசினி தமிழ்நாட்டில் காவல் உதவி ஆய்வாளரானார். 2019ஆம் ஆண்டில் பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே ஆண்டு ஏப்ரலில், இந்து ஒருவருக்கும் திருநங்கை ஒருவருக்கும் தூத்துக்குடியில் நடந்த திருமணத்தைப் பதிவாளர் ஏற்க மறுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்பதே அத்தீர்ப்பு. ஒரு சொல்லின் பொருள் எல்லையைப் பற்றிய வினாவே நீதிமன்றத்தின் முன் நின்றது என்பதை மொழி பயில்வோர் நினைவிற்கொள்ள வேண்டும். உரையாசிரியர் செய்யும் பணியை அன்று நீதிபதி செய்தார்.

சேர்க்கையும் ஈர்ப்பும்

பாலினம் வேறு, பாலீர்ப்பு வேறு. தாம் யார் என்னும் உணர்வு முன்னது. தம் உள்ளம் யாரை நாடுகிறது என்பது பின்னது. திருநர் பற்றிய சொற்களில் மாற்றம் நிகழ்ந்த அளவுக்குப் பாலீர்ப்பு பற்றிய சொற்களில் விரைந்து நிகழவில்லை. ஓரினச்சேர்க்கை, ஓரினப் புணர்ச்சி என்னும் சொற்களே நெடுங்காலம் வழங்கின. இவை 377ஆம் பிரிவின் நிழலில் வளர்ந்தவை. சட்டம் செயலை மட்டுமே கண்டது. ஆகவே சொல்லும் செயலை மட்டுமே கண்டது. ஆணும் பெண்ணும் கொள்ளும் அன்பைக் காதல் என்று சொல்லும் நாம், மற்றோரின் அன்பை ஒரு செயலின் பெயரால் அழைத்தோம். தன்பாலீர்ப்பு என்னும் சொல் வந்தபோது, செயலின் இடத்தில் உள்ளம் வந்து நின்றது. அச்சொல்லைக் கேட்போரின் நினைவில் படுக்கையறை எழுவதில்லை. ஒரு மனிதர் எழுகிறார்.

சட்டமும் பிரிந்த இரு கால்வாய்களிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மாறியது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவை 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது. சிங்கப்பூரில், 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 377ஆம் பிரிவு நீக்கப்பட்டாலும் 377ஏ தக்கவைக்கப்பட்டது. நடைமுறையில் அது முனைந்து செயற்படுத்தப்படாது என்னும் நிலைப்பாட்டை அரசாங்கம் மேற்கொண்டது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில், அப்பிரிவு நீக்கப்படும் என்று பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றம் அதனை நிறைவேற்ற, 2023ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி முதல் 377ஏ இல்லாதாயிற்று. 1938ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு பிரிவு அழிய 84 ஆண்டுகள் ஆயின.

எனினும் அதே கூட்டத்தொடரில் அரசமைப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. திருமணத்திற்கான வரையறையை நாடாளுமன்றமே முடிவு செய்யும் என்பதை அத்திருத்தம் காத்துநிற்கிறது. இந்தியாவிலும், ஒரே பாலினத்தோர் திருமணத்தை ஏற்க உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் மறுத்துவிட்டது. குற்றம் என்னும் முத்திரை நீங்கியது; குடும்பம் என்னும் சொல்லின் எல்லையைப் பற்றிய கருத்து வேறுபாடு நீங்கவில்லை. சமய நம்பிக்கையாலும் குடும்ப மரபாலும் மாற்றுக் கருத்துக் கொண்டோர் நம்மிடையே பலர் உள்ளனர். இவ்வரலாறு முடிந்துவிட்டதாக நாம் எழுதக்கூடாது.

இச்சூழலில், 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, பாலினமும் பாலீர்ப்பும் தொடர்பான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நடைபெற்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக, அம்மக்களின் அமைப்புகளோடு கலந்து உருவாக்கப்பட்ட பட்டியல் அது. பால்புதுமையர் போன்ற புதிய ஆக்கங்கள் அவ்வழியே ஏற்புப் பெற்றன. 1871ஆம் ஆண்டின் பதிவேடு அம்மக்களைக் கண்காணிக்க எழுதப்பட்டது. 2022ஆம் ஆண்டின் பட்டியல் அவர்களை எவ்வாறு அழைப்பது என்று அவர்களையே கேட்டு எழுதப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளின் மாற்றத்தை இவ்விரு தாள்களை அருகருகே வைத்துப் பார்ப்போர் அறிவர்.

வகுப்பறையின் பொறுப்பு

இனி நம் வகுப்பறைகளை நோக்குவோம். நடையிலோ குரலிலோ சற்று வேறுபட்ட மாணவனை, ஓர் எண்ணைச் சொல்லியும் பழைய வசையைச் சொல்லியும் நண்பர்கள் கேலி செய்வது நாம் அறியாததன்று. திரைப்பட நகைச்சுவைகள் அவ்வழக்கத்தை நெடுங்காலம் வளர்த்தன. அப்பிள்ளையின் உள்ளத்தில் தமிழ் என்பது தன்னை இகழ்ந்த மொழியாகவே தங்கிவிடக்கூடும். வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்துவரும் நாட்டில், மொழியைக் காக்க விழைவோருக்கு இது சிறிய இழப்பன்று.

ஆசிரியர்களுக்கு நடைமுறையில் எழும் ஒரு வினாவையும் எண்ணிப் பார்க்கலாம். ஆள்வினையுடைமை அதிகாரத்தைக் கற்பிக்கும்போது பேடியின் வாள் என்னும் உவமையை என்செய்வது? குறளைத் திருத்துதல் நம் வேலையன்று; தவிர்த்துச் செல்லுதலும் நேர்மையாகாது. குறளின் பொருள் முயற்சியைப் பற்றியது என்பதையும், உவமை அக்காலச் சமூகத்தின் கருத்தைச் சுமந்தது என்பதையும் பிரித்துக் காட்டலாம். அதனோடு, தொல்காப்பியர் அம்மக்களை உயர்திணையில் வைத்ததையும் ஒருசேரச் சொல்லலாம். மரபு ஒரே குரலில் பேசியதில்லை என்று அறியும் மாணவர், மரபை மதிக்கவும் அதனோடு உரையாடவும் ஒருசேரக் கற்பர்.

சொற்களைப் பற்றிய ஐயம் எழும்போது, தமிழ் நமக்கு ஓர் ஆயத்தமான விடையை வைத்திருக்கிறது. 'அவர் வந்தார்' என்பதே அது. ஆணையும் பெண்ணையும் இருமைக்குள் அடங்காதாரையும் அது ஒன்றுபோலச் சுட்டும். இவ்வழக்கின் வரலாறு சுவையானது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் இலக்கண நெறிப்பட்டதன்று என்று தொல்காப்பியரே குறிக்கிறார். ஆயினும், வழக்கில் தோன்றிய உயர்சொல் என்று அதனை அவர் ஏற்கிறார். மதிக்க வேண்டும் என்று விரும்பிய மக்கள், இலக்கணத்தின் இசைவுக்குக் காத்திராமல் ஒருமையைப் பன்மையாக்கினர். இலக்கண நூல் பின்னர் வந்து அதற்குப் பெயரிட்டது.

திருநங்கை என்னும் சொல்லும் தன்பாலீர்ப்பு என்னும் சொல்லும் அதே வழியில் வந்தவைதாம். முதலில் வாயில் பிறந்தன. பின்னர் ஏட்டில் ஏறின. அதன்பின் சட்டத்திலும் அரசிதழிலும் இடம்பெற்றன. திருமணம் குறித்தும் குடும்பம் குறித்தும் நம் சமூகம் இன்னும் பல்லாண்டுகள் விவாதிக்கலாம். ஒருமித்த கருத்து எட்டப்படும்வரை ஒருவரை எவ்வாறு அழைப்பது என்னும் முடிவை நாம் ஒத்திவைக்க இயலாது. நாளைக் காலை வகுப்பில் பெயர்ப்பட்டியலை வாசிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும், அருகிலிருக்கும் தோழரைப் பற்றிப் பேசும் மாணவர் ஒவ்வொருவரும், யார் உயர்திணைக்குள் என்னும் பழைய வினாவுக்கு ஒரு வினைமுற்றால் விடை சொல்லப்போகின்றனர். மக்கள் என்று சுட்டப்படுவோரே உயர்திணை என்றது இலக்கணம். சுட்டும் விரல் நம்முடையது.